ஹுவைரா சாப்பிட வந்த வெள்ளிக்கிழமை

மணலுக்கு நடுவுல ஒரு நகரம், நகரத்தைச் சுத்தி மறுபடியும் மணலு, மணலுக்குள்ள கைதவறிச் சிந்தின மாதிரி அங்கங்க சின்னச் சின்ன ஊருங்க, அந்த ஊருங்களுக்குப் போற ரோட்டுல வெள்ளிக்கிழமை காலையில ஒரு வெள்ளை வேனு, வேனு நிறைய பொம்பளைங்க, பொம்பளைங்க மடியில தூக்குச்சட்டி, தூக்குச்சட்டி நிறைய புளிச்சோறு. உலகம் இப்படித்தான் இருந்துச்சு, ஹுவைரா சாப்பிட வர்ற வரைக்கும்.

அந்தப் பொம்பளைங்க எல்லாரும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோட சலவைக்கூடத்துல வேலை பார்க்கறவங்க. சனிக்கிழமையிலருந்து வியாழக்கிழமை வரைக்கும் ஆவியில நின்னு, சோப்பு நுரையில நின்னு, யார் யாரோ படுத்து, யார் யாரோ பொறந்து, யார் யாரோ செத்த விரிப்பையெல்லாம் வெளுத்து, காயவச்சு, மடிச்சு, அடுக்கி, அது மறுபடி அழுக்காகி வர்றதுக்குள்ள ஒரு மூச்சு விட்டுக்குவாங்க. அந்த மூச்சுக்குப் பேருதான் வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் கீழக்கரைக்காரர் செய்யது வேனை எடுத்துட்டு வந்து ஹாரன் அடிப்பாரு. வெந்நீர் ஊத்து இருக்கற ஊருக்கு ஒரு வாரம், ஒட்டகச் சந்தை ஊருக்கு ஒரு வாரம், கோட்டை இடிஞ்சு கிடக்கற ஊருக்கு ஒரு வாரம். போற வழியெல்லாம் செய்யது ரேடியோக்காரன் குரல்ல விளக்கம் சொல்லுவாரு. அவருக்கு எல்லாருமே லாத்தா, அதாவது அக்கா. "லாத்தாமார்களே, இடதுபக்கம் தெரியறது மணல். வலதுபக்கம் தெரியறதும் மணல்தான், ஆனா அது வேற அரசர் காலத்து மணல்." சிரிச்சுக்கிட்டே போய், பாத்து, படம் புடிச்சு, புளிச்சோறு தின்னு, வெயில் தாழத் திரும்பிருவாங்க.

அந்தக் கூட்டத்துல மூத்தவ ரெஜினாள். திருச்செந்தூருக்குத் தெக்கே கடலோரத்துக்காரி, அம்பதைத் தொடப் போறவ, ஈரப் போர்வை மூட்டையை ஒத்தைக் கையில தூக்கறவ. அவளுக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும், கிளம்பும்போது, தண்ணி குடுத்தவங்க, வழி சொன்னவங்க, சும்மா நின்னு வேடிக்கை பாத்தவங்க, யாரா இருந்தாலும் கையப் புடிச்சு, "ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க, என்ன?"ன்னு தமிழ்லயே சொல்லிட்டுத்தான் வேன்ல ஏறுவா. நம்ம சனத்துல இதைச் சொல்லாதவங்க யாரு? சொல்றவங்களும் மனசாரத்தான் சொல்லுவாங்க, கேக்கறவங்களும் மனசாரத்தான் தலையாட்டுவாங்க, ஆனா வரமாட்டாங்க. வராம இருக்கறதுதான் அதுல பாதி மரியாதை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் எல்லாரும் போக ஆரம்பிச்சா நாட்டுல அரிசி என்னத்துக்காகும்?

"யக்கா," ம்பா வியாசர்பாடி தில்சாத், "எந்த ஊட்டுக்குக் கூப்ட்டுனுகீற நீ? கட்டில்ல மேல் தட்டுல நான் பட்துங்கீறேன், கீய் தட்டுல நீ. வர்றவங்கோ இன்னா, ஏணியில குந்துவாங்களா?"

"கூப்பிடுதது என் இஷ்டம்ட்டி. இடம் இருக்கான்னு அளந்து பாத்துட்டா கூப்பிடுவாவ?"

அப்படிச் சொல்லிட்டு ரெஜினாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா. ஏன்னா அவங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல அஞ்சு மொழியில ஒரு பலகை தொங்குது: விருந்தாளிகளுக்கு அனுமதி கிடையாது. மூணு மாடிக் கட்டடம், அதைச் சுத்தி ரெண்டு ஆள் உயரத்துக்கு மதிலு, மதில்ல ஒரே ஒரு இரும்புக் கேட்டு. ஒரு தடவை அவ கொழுந்தன் மகன், அதே நகரத்துல கட்டட வேலைக்கு வந்தவன், பெரியம்மாவப் பாக்கணும்னு ஊர்லருந்து வந்த கருப்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். கேட்டுக்கு வெளிய அவன், உள்ள இவ. கம்பிக்கு நடுவுல கையவிட்டுக் கருப்பட்டியக் குடுத்தான், மிருகக்காட்சிச் சாலையில குரங்குக்குக் கடலை குடுக்கற மாதிரி. ஒரு வாய்த் தண்ணி குடுக்க விடல. "பரவால்ல பெரியம்மா, குடிச்சிட்டுத்தான் வந்தேன்"ன்னு சொல்லிச் சிரிச்சிட்டுப் போனவன் அப்புறம் வரவே இல்ல. அன்னையிலருந்துதான் ரெஜினாள் ஊரு ஊராப் போயி எல்லாரையும் கூப்பிட ஆரம்பிச்சா. யாருக்குக் கோவம் எந்த ரூபத்துல வரும்னு யாரு கண்டா.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை செய்யது வேனை ஹுவைராவுக்கு விட்டாரு. அங்க கோட்டை இல்ல, ஊத்து இல்ல, சந்தை இல்ல. ஒரு தெரு, அதுல மண்ணு நெறத்துல வீடுங்க, நாலு வரிசை பேரீச்சமரம், ஒரு கெணறு, ஒரு டீக்கடை, எதையும் கண்டுக்காத ஆடுங்க. நகரத்துக்குப் போற லாரிங்க அந்த வழியாத்தான் போகும், ஒண்ணும் நிக்காது. ஜும்மா தொழுகை முடிஞ்ச மத்தியானம், ஊரே கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்குது. ஆனா டீக்கடை வாசல்ல வழிப்போக்கங்களுக்குன்னு ஈரச்சாக்கு சுத்தின தண்ணிக்குடம், பக்கத்துல கவுத்து வச்ச குவளை, ஒரு தட்டு நிறைய பேரீச்சம்பழம். பொம்பளைங்க குடிச்சாங்க, தின்னாங்க, மரத்தடியில கால நீட்டிப் படுத்தாங்க. நெழலுக்குக் காசு கேக்க யாரும் வரல. கிளம்பற நேரம் ரெஜினாள் வேன் படியில ஒரு கால வச்சா, திரும்பிப் பாத்தா. நன்றி சொல்ல ஒரு ஆளு இல்ல. சொல்லாமப் போகவும் மனசு வரல. அவ தெருவப் பாத்து, கெணத்தப் பாத்து, சாத்தின கதவையெல்லாம் பாத்துச் சத்தமாச் சொன்னா:

"சரி, வாரோம். நீங்களும் ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க. எல்லாருந்தான்!"

ஆடு ஒண்ணு தலையத் தூக்கிப் பாத்துச்சு. வேனு கிளம்பிருச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில ஈரோட்டுக்காரி மயிலாத்தா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவ, போன வேகத்துல எறங்கி வந்தா. "ரெஜினாக்கா, ஏனுங்க்கா, உங்களைத் தேடி ஆரோ வந்திருக்காங்க."

"யாரு?"

"ஹுவைராங்க."

எல்லாரும் மாடியேறிப் பாத்தாங்க. மதிலுக்கு வெளிய காலி மனையில ஹுவைரா வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. மொத முறையா ஒருத்தர் வீட்டுக்கு வர்றவங்க எப்படி நிப்பாங்களோ அப்படி, கொஞ்சம் ஒடுங்கி, வீடுங்க எல்லாம் ஒண்ணை ஒண்ணு ஒரசிக்கிட்டு, சரியான எடம்தானான்னு சந்தேகமா. பேரீச்சமரமெல்லாம் தலைய வாரிக் கட்டியிருந்துச்சு. கெணறு கையக் கட்டிக்கிட்டு ஓரமா இருந்துச்சு. ஊர் சனமும் கூடவே வந்திருந்தாங்க. சலவை போட்ட வெள்ளை அங்கி, கண்ணுல மை, புள்ளைங்க தலையில எண்ணெய். வெறுங்கையோட வரல, வாசல் வாசலா ஓலைக்கூடையில பழம் இருந்துச்சு.

யாரும் எப்படி வந்துச்சுன்னு கேக்கல. கேக்கறதுக்கு நேரமில்ல, ஊருக்குச் சமைக்கணுமே.

"சொல்லிப்போட்டு வரப்படாதுங்களா?" மயிலாத்தா கையப் பெசைஞ்சா. "வூட்டுல கத்திரிக்காயும் பருப்பும்தானுங்க்கா இருக்குது. வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"மறுகா என்னக்கா," ன்னா மட்டக்களப்புத் தங்கேஸ்வரி, அவ ஏற்கனவே தேங்காய ஒடைச்சுக்கிட்டிருந்தா, "இருக்கிறதப் போட்டு ஆக்குவம். நான் சம்பல் இடிக்கிறன். மீனுக்கு ஆளனுப்புங்க."

தில்சாத் மட்டும் இடுப்புல கையவச்சு நின்னா. "கெணத்துக்கு இன்னாக்கா குடுப்பாங்கோ? காப்பியா, டீயா?"

நகரத்துக்கு இந்த விஷயம் செரிக்க ஒரு அரைமணி நேரம் ஆச்சு, அவ்வளவுதான். மொதல்ல டாக்ஸிக்காரங்க பழகிட்டாங்க. நேத்து வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஓட்டின ஊரு இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்குன்னா அவங்களுக்கு என்ன கஷ்டம், "ஹுவைரா, ஹுவைரா, நடக்கற தூரம்"னு கூவினாங்க. நைட் டூட்டி முடிச்ச டாக்டருங்க வரிசையா டீக்கடைக்குப் போயி, டீக்கடைக்காரர் அபூ ராஷித் போட்ட டீயக் குடிச்சிட்டு, நம்ம கேன்டீன் டீயவிடத் தேவலன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனாங்க. நகராட்சியிலருந்து ரெண்டு பேர் வந்து ஊரைச் சுத்தி நடந்து, ஊரு நிறுத்தறதுக்கு எந்தக் கட்டணம் வாங்கறதுன்னு தெரியாம, லாரிக் கணக்கா கட்டடக் கணக்கான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, கடைசியில ஒரு பேரீச்சமரத்துல அபராதச் சீட்டை ஒட்டிட்டுப் போனாங்க. ஒரு ஆடு அதைத் தின்னுருச்சு. செய்யது வேனை எடுத்துக்கிட்டு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு: "ஊர் இருந்த எடத்துல ஒண்ணுமில்ல லாத்தா. பாய் சுருட்டின தரை மாதிரி இருக்கு."

சோறு வெந்துச்சு, மீன்கொழம்பு கொதிச்சுச்சு, பாயசத்துல முந்திரி விழுந்துச்சு. இனி விருந்தாளிய உள்ள கூப்பிட வேண்டியதுதான். ரெஜினாள் மொகத்தக் கழுவி, நல்ல சேலை ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டு, கேட்டுக்குப் போனா. கேட்டு பூட்டியிருந்துச்சு. கேட்டுக்கு முன்னாடி வார்டன் கோமளவல்லி மேடம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க.

கோமளவல்லி மேடம் பேசறது எப்பவுமே சுவத்துல ஒட்டின அறிவிப்பு மாதிரித்தான் இருக்கும். குளியலறையில தண்ணி வரலன்னு சொல்றதைக்கூட, "மறு அறிவிப்பு வரும் வரை"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

"பணியாளர் ரெஜினாள் கவனத்திற்கு," ன்னாங்க. "வளாகத்தின் பின்புறம் அனுமதியின்றி ஒரு ஊர் நிறுத்தப்பட்டுள்ளது. அழைத்தது யார்?"

"நாந்தான் மேடம்."

"விருந்தினர்களுக்கு அனுமதி இல்லை என்பது தெரியுமா?"

"தெரியும் மேடம். வாசிச்சு வாசிச்சு மனப்பாடமாயிருச்சு."

மேடம் கொஞ்சம் எறங்கி வந்தாங்க, அதாவது அறிவிப்பை மடிச்சு வச்சிட்டுப் பேசினாங்க. "இத பாரு ரெஜினா. வெளிய நிக்கட்டும், நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன். சோத்தைப் பார்சல் கட்டி மதிலுக்கு மேல குடுத்துடு. ஊர் சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு, ரூல்ஸ் நின்ன மாதிரியும் ஆச்சு."

"பார்சலா?" ரெஜினாளுக்குக் கம்பிக்கு நடுவுல வந்த கருப்பட்டி ஞாபகம் வந்துச்சு. "வந்திருக்கவிய யாரு மேடம்? ஒரு ஊரு. பச்சத்தண்ணிக்கும் நெழலுக்கும் கணக்குப் பாக்காத ஊரு. அவியளுக்கு மதிலுக்கு மேல பொட்டலம் வீசச் சொல்லுதியளா?"

"கேட்டு திறந்தா நாளைக்குக் காலையில உனக்கு ஏர்போர்ட்டுக்குக் கார் வரும். நான் சொல்லலை, கம்பெனி சொல்லும். உன் பொண்ணு நர்சிங் கடைசி வருஷம்தானே? யோசிச்சுக்க."

ரெஜினாள் யோசிச்சா. நெசமாத்தான் யோசிச்சா, வேகமா முடிவெடுக்கற ஆளு இல்ல அவ. மக வெள்ளை உடுப்புல நிக்கற போட்டோ அவ தலைமாட்டுல ஒட்டியிருக்கு. இந்த வேலை போச்சுன்னா அந்த உடுப்பு கழண்டாலும் கழண்டுரும். அந்தப் பக்கம் மதிலுக்கு மேல ஹுவைராவோட பேரீச்சந்தலைங்க தெரிஞ்சுது. வெயிலு ஏற ஏற, வந்த வீட்ல உள்ள ஏதோ சண்டை நடக்குதுன்னு புரிஞ்சுக்கிட்ட விருந்தாளிங்க மாதிரி, ஒரு ஓலைகூட அசைக்காம நின்னுச்சுங்க. போயிரலாமான்னு ஒரு வீடு இன்னொரு வீட்டைப் பாத்த மாதிரி இருந்துச்சு. அதைத்தான் ரெஜினாளால தாங்க முடியல.

"மேடம்," ன்னா. "எம்மக படிப்பு நின்னாலும் நிக்கும், அது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு அவ கேட்டா என்ன சொல்ல? வந்த சனத்தை வெயில்ல நிறுத்தி வச்சுட்டுத்தான் உன்னைப் படிக்க வச்சேன்னா? சாவியக் குடுங்க."

"சாவி தரமுடியாது."

"அப்ப வேண்டாம்." ரெஜினாள் திரும்பி ஒரு கொரல் குடுத்தா: "ஏட்டி! எல்லாரும் வாங்க. ஈரப் போர்வை தூக்கணும்!"

சலவைக்காரிங்களுக்கு அதுக்கு மேல வெளக்கம் வேண்டாம். மூணு மாடியிலருந்தும் எறங்கி வந்து, கேட்டோட ஒவ்வொரு கம்பியிலயும் ஒரு கை வச்சு, தெனமும் மூட்டை தூக்கும்போது சொல்ற மாதிரியே "ஏலேலோ, தூக்கு"ன்னு ஒரு மூச்சுல கீல்லருந்து கழட்டி, பூட்டு பூட்டினபடியே, சாவி மேடம் இடுப்புல இருந்தபடியே, கேட்டைத் தூக்கி மதில்மேல சாத்தி வச்சாங்க. கோமளவல்லி மேடம் நாற்காலியோட நகந்து வழிவிட்டாங்க. விட்டாங்கன்னு சொல்ல முடியாது, நாற்காலிய அவங்களோட சேத்துத் தூக்கி ஓரமா வச்சாங்க.

ரெஜினாள் வாசல்ல நின்னு ரெண்டு கையையும் கூப்பினா. அந்த நகரத்துல அத்தனை வருஷமா சொந்த வாசல்ல நின்னு அவ சொல்ல முடியாத ஒத்தை வார்த்தை அப்பத்தான் வந்துச்சு.

"வாங்க!"

ஹுவைரா உள்ள வந்துச்சு. அம்புட்டுப் பெரிய ஊரு எப்படி அம்புட்டுச் சின்ன வாசல்ல வந்துச்சுன்னு கேட்டா, நாலு பேர் ரூம்ல பத்துப் பேர் படுக்கறவங்களுக்கு ஒரு ஊரை அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதா? ஒருக்களிச்சு வீடு வீடா வந்துச்சு, வந்த வீடெல்லாம் செருப்பக் கழட்டற மாதிரி வாசல்லயே மணலை உதறிட்டு வந்துச்சு. வெளிய ஒரு பெரிய மணல்குவியல் சேந்துச்சு. டீக்கடை தண்ணித்தொட்டி பக்கத்துல ஒக்காந்துச்சு. கெணறு மாடிப்படிக்குக் கீழ எடம் புடிச்சுது. பேரீச்சமரமெல்லாம் துணி காயற கொடிக்கு நடுவுல தலையக் குனிஞ்சு நின்னுச்சுங்க, ஆடுங்க மட்டும் கேக்காம மொட்டைமாடிக்கே போயிருச்சுங்க.

எலைக்கு எங்க போறது? மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விரிப்பு மொத்தமும், சலவைக்கூடத்துல எடம் பத்தாம, குவார்ட்டர்ஸ்லதான் கட்டி வச்சிருந்துச்சு. ரெஜினாள் அதைப் பிரிச்சா. வெள்ளை வெளேர்னு மடிப்பு கலையாத விரிப்பு, தெருக்கோடியிலருந்து தெருக்கோடி வரைக்கும் பந்திக்கு விரிச்சாங்க. மொதல்ல ஹுவைரா மரியாதைக்கு மறுத்துச்சு, கதவையெல்லாம் பாதி சாத்தி "இப்பத்தான் சாப்பிட்டோம்"ங்கற மாதிரி நின்னுச்சு. நம்ம ஆளுங்க விடுவாங்களா? மயிலாத்தா வாசல் வாசலாப் போயிக் கோலம் போட்டு, "ஒரே ஒரு வாயிங்க, எனக்காகங்க"ன்னு கெஞ்சினா. தங்கேஸ்வரி கேக்காமயே சம்பலை வச்சுட்டுப் போனா. தில்சாத் ஒரு வாளி பாயசத்தைக் கெணத்துக்குள்ள விட்டா, வாளி காலியா மேல வந்துச்சு, இன்னொரு வாளி விட்டா. "யம்மா, இதுக்கு இனிப்பு ஒத்துக்குது," ன்னா.

சாப்பாடு முடிஞ்சு, வெத்தலை இல்லாததால பேரீச்சம்பழமே வெத்தலையா ஆகி, சாயங்காலத் தொழுகையும் முடிஞ்சு, ஹுவைரா கிளம்பறதுக்கு எழுந்துச்சு. அபூ ராஷித் ரெஜினாள் முன்னாடி வந்து நெஞ்சுல கையவச்சாரு. அவருக்கு வயசு எழுவதுக்கு மேல, அரபியும் இந்தியும் மலையாளமும் கலந்து ஒரு பாஷை பேசுவாரு, அது ஹுவைராவுல மட்டும்தான் பேசற பாஷை. அவரு கேட்டாரு: காலையில உனக்குக் கார் வருதாமே?

"வரும்."

எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு, ன்னாரு. யார் வீட்டுச் சோறு உள்ள போச்சோ, அவங்களைச் சங்கடத்துல விட்டுட்டு வாசல் தாண்டக் கூடாது. எங்க கூரைக்குக் கீழ இருக்கற விருந்தாளிய ராஜாவே வந்தாலும் வெளிய இழுக்கக் கூடாது. காலையில கார் வரட்டும். நீ இங்க இருந்தாத்தான?

"நான் மட்டும் எப்படி வர? இவளுவ எல்லாம்?" ரெஜினாள் கையக் காட்டினா.

எல்லாரும்தான், ன்னு அபூ ராஷித் கையை விரிச்சாரு. விரிச்ச கை பொம்பளைங்க மேல போயி, பாத்திரம் பண்டத்து மேல போயி, மூணு மாடிக் கட்டடத்து மேல போயி நின்னுச்சு.

கட்டடத்தை அதுவரைக்கும் யாரும் எங்கயும் கூப்பிட்டதே இல்ல.

ரொம்ப நேரம் குத்தவச்சு உக்காந்திருந்த ஒருத்தி முட்டில கையூனி எழுந்திரிக்கற மாதிரி அது எழுந்துச்சு. முதுகு சொடக்கு விட்டுச்சு, ரெண்டு ஜன்னல் கொட்டாவி விட்டுச்சு, குழாயெல்லாம் வேர் மாதிரி மண்ணுலருந்து மெதுவா வந்துச்சு. அப்புறம் அதுவும் ஹுவைரா பின்னாடியே, கேட்டு இல்லாத வாசல்ல ஒருக்களிச்சு வெளிய வந்து, நெடுஞ்சாலையில எறங்கி, எடதுபக்கம் ஓரமா, முன்னாடி செய்யது வேன்ல வெளக்கை மினுக்கி மினுக்கி வழிகாட்ட, ஆடுங்க மொட்டைமாடியிலருந்து வேடிக்கை பாக்க, நடந்து போச்சு. லாரிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க. தில்சாத் ரெண்டாவது மாடி ஜன்னல்லருந்து அவங்களுக்குக் கையாட்டினா. ஆபீஸ் ரூம்ல கம்பெனிக்கு நடந்ததையெல்லாம் போன்ல சொல்லி முடிச்சிட்டு வச்ச கோமளவல்லி மேடம், மேசை மேல டீ கப்பு தானா நகர்றதைப் பாத்துட்டு ஜன்னலைத் திறந்தாங்க. பாலைவனம் போய்க்கிட்டிருந்துச்சு.

சனிக்கிழமை காலையில கம்பெனி காரு சரியா வந்துச்சு. நாலு பக்கமும் மதிலு இருந்துச்சு, மதில்மேல சாத்தின கேட்டு இருந்துச்சு, வாசல்ல மணல்குவியல் இருந்துச்சு. மதிலுக்குள்ள ஒண்ணும் இல்ல. டிரைவர் உள்ள போயி ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுப் பாத்தான்.

ஆஸ்பத்திரியில அதுக்குள்ள சத்தம் கிளம்பிருச்சு. சலவைக்கூடத்துல ஆள் இல்ல, மாத்தறதுக்கு ஒரு விரிப்பு இல்ல, இருந்த விரிப்பெல்லாம் மீன்கொழம்புக் கறையோட எண்பது மைலுக்கு அந்தப் பக்கம் கெடக்கு. ஆபரேஷன் பண்ணப் போன டாக்டர் கையக் கழுவிட்டு, எதை விரிச்சுப் படுக்க வைக்கறதுன்னு கேட்டுக்கிட்டு நிக்கறாரு. நேத்து ஹுவைராவுல டீ குடிச்ச டாக்டர்தான்.

கோமளவல்லி மேடம் போன் அடிச்சப்ப அவங்க ஹுவைரா தெருவுல பந்தியில உக்காந்திருந்தாங்க. விருந்துக்கு வந்த வீட்ல தனியா நிக்கறது நல்லாயில்லன்னு அபூ ராஷித் வீட்டுப் பொம்பளைங்க கையப் புடிச்சு உக்கார வச்சிட்டாங்க. சுடுரொட்டி, தேன், ஆட்டுப்பால். கம்பெனி மேனேஜர் கத்தறது நாலு ஆள் தள்ளி உக்காந்திருந்த ரெஜினாளுக்கே கேட்டுச்சு. அந்த ரெஜினாள இப்பவே கார்ல ஏத்து, கட்டடத்தைத் திரும்பக் கொண்டா, நீ என்னத்துக்கு வார்டன்?

மேடம் வாயில இருந்ததை மென்னு முழுங்கினாங்க. அறிவிப்பு வரும்னு எல்லாரும் பாத்தாங்க. வரல. மன்னார்குடிப் பக்கத்துல ஏதோ ஒரு கிராமத்துல அவங்க விட்டுட்டு வந்த பேச்சு வந்துச்சு.

"என்னாங்கறீங்க இப்ப? சோத்துல கைய வச்சிருக்கேன். எலைய விட்டு எழுப்பக் கூடாதுன்னு உங்க வூட்ல சொல்லிக் குடுக்கலையா?"

போனை வச்சிட்டாங்க. தில்சாத் விசில் அடிச்சா.

மறுபடியும் அடிச்சுது. மறுபடியும். மூணாவது தடவை மேனேஜர் கொரல் எறங்கியிருந்துச்சு. ரெஜினாள் வேலையில இருக்கட்டும், ஒண்ணும் பண்ண மாட்டோம், கட்டடம் மட்டும் டூட்டிக்கு வந்துரட்டும், டாக்டருங்க எங்க உசுர வாங்கறாங்க. மேடம் போனை ரெஜினாள்கிட்ட நீட்டினாங்க. "நீயே பேசு. உன்னாலதான் நான் இங்க வந்து தேன் தின்னுக்கிட்டிருக்கேன்."

ரெஜினாள் கையத் தொடைச்சுட்டு வாங்கினா. "சார், ரெஜினாள் பேசுதேன்."

"எப்ப வர்றீங்கம்மா?"

"வாரோம் சார், வேலைய விட்டுட்டா போவோம்? ஆனா அங்க மதிலு நிக்குல்லா, அதை இடிச்சுப் போடுங்க. நாலு பக்கமும்."

"கேட்டை மட்டும் எடுத்துடறோம்மா. பலகையும் எடுத்துடறோம்."

"கேட்டை நாங்களே எடுத்துட்டோம் சார். நாளைக்கு நீங்க வேற கேட்டு மாட்டுவிய. மதிலு இருந்தாத்தான கேட்டு மாட்ட முடியும்?"

"அது கம்பெனி பாலிசிம்மா..."

"அப்ப சரி சார். நாங்க விருந்துக்கு வந்திருக்கோம். இவிய போகச் சொல்லவும் இல்ல."

போனுக்குள்ள யாரோ யார்கிட்டயோ பேசினாங்க, இன்னொருத்தர் பேசினாரு, ஒரு டாக்டர் கொரல் கேட்டுச்சு, அந்த டாக்டர் யாரோட அம்மாவையோ இழுத்தாரு. அப்புறம் போனை வச்சுட்டாங்க. மயிலாத்தா ரெஜினாள் காதுல, "ஏனுங்க்கா, போதுமுங்க, வேலைதான் திரும்பக் கெடைச்சிருச்சே, போயிரலாமுங்க"ன்னா. அவளுக்குப் பயம். ரெஜினாளுக்கும்தான் பயம், ஆனா அவ டம்ளர்ல இருந்த டீய ஒரே மடக்குல குடிச்சு முடிச்சா.

வழிகாட்டிட்டு விடியறதுக்குள்ள திரும்பிப் போயிருந்த செய்யது, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நகரத்துலருந்து போன் பண்ணாரு. ஒரே எரைச்சல். ரேடியோக் கொரல்ல கத்தினாரு: "லாத்தாமார்களே! பெரிய மிஷினு ஒண்ணு வந்திருக்கு! மேக்கால மதிலை முட்டுது... முட்டுது... வுழுந்துருச்சு! தெக்காலயும் வடக்காலயும் வுழுந்துருச்சு! என்னா புழுதி!"

பந்தி மொத்தமும் எழுந்து கத்துச்சு. கெணறுகூட என்னமோ சொல்லிச்சு. பொம்பளைங்க பாத்திரத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. மேடம் கைகழுவ எழுந்தாங்க. இன்னொரு போன்ல மேனேஜர் கெஞ்சினாரு: "மூணு பக்கம் இடிச்சாச்சும்மா, கெளம்புங்கம்மா."

"செய்யது அண்ணே," ன்னா ரெஜினாள், "கெழக்கால மதிலு?"

"நிக்கிது லாத்தா. மிஷினை நிறுத்திட்டாங்க."

ரெஜினாள் எழுந்திரிக்கல. மடிச்ச கால மாத்திப் போட்டு நல்லாச் சம்மணம் கொட்டி உக்காந்துக்கிட்டு, காலி டம்ளரை அபூ ராஷித் பக்கமா நீட்டினா.

"இன்னொரு டீ ஊத்துங்க," ன்னா. "அதுவும் விழட்டும்."